முன்னேற்ற மானியம்

ஏழெட்டு எவ்வளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் என் கணவர் ஐம்பத்தாறு என்று சொல்லுவார். அன்றைக்கு வகுப்பில் வைத்த சோதனையில் நாற்பத்தெட்டு என்று எழுதிவிட்டு வந்திருந்தார்.

"என்னாச்சு உங்களுக்கு?" என்றேன்.

"அம்பத்தாறுன்னு எழுதினா மானியம் வராதாம்" என்றார், சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே.

எனக்கு விளங்கவில்லை. அவர் பின்னாலேயே வந்த என் நாத்தனார் செருப்பை உதறிவிட்டு விளக்கம் சொன்னாள். "அண்ணி, நாங்க முட்டாளா இருந்தாதான் அவங்களுக்குச் சம்பளம். அதுக்காக மூணு மணி நேரம் உக்காந்து முட்டாளாயிட்டு வந்திருக்கோம். காப்பி இருக்கா?"

என் கணவருக்கு ஆஸ்பத்திரியில் கொதிகலன் அறையில் வேலை. அறுவை சிகிச்சைக் கருவிகளைச் சுத்தம் செய்வதற்கும், சலவைக்கும், சமையலறைக்கும் அங்கிருந்துதான் நீராவி போகும். ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குப் பெயரே 'பாய்லர்'தான். என் நாத்தனார் அதே ஆஸ்பத்திரி உணவகத்தில் சமைக்கிறாள். புருஷன் வேண்டாம் என்று ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள், வந்த நாளிலிருந்து சமையலறையில் பாதியையும் பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டாள்.

கொதிகலனை இயக்குபவர்களுக்கு இனி உரிமம் வேண்டும், அந்த உரிமத்துக்குப் பள்ளி இறுதிச் சான்றிதழ் வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. அவர் எட்டாவதோடு நின்றவர். சில வருஷம் அவகாசம் கொடுத்தார்கள். அதற்குள் சான்றிதழ் வரவில்லை என்றால் கழிவுப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். வார்டுகளிலிருந்து வரும் மஞ்சள் பைகளை வண்டியில் தள்ளிக்கொண்டு போகும் வேலை. உணவகத்திலும் நிரந்தர வேலைக்குச் சான்றிதழ் கேட்பார்கள் என்று பேச்சு அடிபட்டது. ஆகவே அண்ணனும் தங்கையும் ஒன்றாகப் போய், பெரியவர்களுக்கான மாலை வகுப்பில் சேர்ந்தார்கள். பகலில் சின்னப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. பெஞ்சுக்கும் மேஜைக்கும் நடுவே பெரியவர்களின் முழங்கால் நுழையாது. அவர் பக்கவாட்டில்தான் உட்காருவாராம். "டிரைவர் சீட்ல உக்கார்ற மாதிரி இருக்கும்மா, ஸ்டியரிங் மட்டும்தான் இல்ல" என்பார்.

முதல் வருஷம் நன்றாகத்தான் போனது. டீச்சர் சின்ன வயசுப் பெண், நல்ல உழைப்பாளி. பின்னங்களை ரொட்டித் துண்டு வெட்டிச் சொல்லிக்கொடுப்பாள், வகுப்பு முடிந்ததும் அந்த ரொட்டியை எல்லோரும் பங்கு போட்டுத் தின்பார்கள். அவருக்குப் படிப்பு பிடித்துப் போயிற்று. செய்தித்தாளில் விலைவாசிப் பக்கத்தைப் பார்த்துச் சதவீதம் போடுவார். நான் மருந்துக்கடையில் பில் போடுகிறவள். என்னைக் கேள்வி கேட்டு மடக்குவதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

இரண்டாம் வருஷம் தொடங்கும்போதுதான் இந்த நாற்பத்தெட்டு வந்தது.

வருஷ ஆரம்பத்தில் ஒரு சோதனை வைப்பார்கள், வருஷக் கடைசியில் இன்னொன்று. இரண்டுக்கும் நடுவே எவ்வளவு ஏறியிருக்கிறார்கள் என்று பார்த்து, அந்த ஏற்றத்துக்குத் தகுந்த மாதிரி அரசு மையத்துக்குப் பணம் கொடுக்கும். அதற்கு முன்னேற்ற மானியம் என்று பெயர். கேட்கும்போது நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஏற்கெனவே ஏறிவிட்டவன் அதற்கு மேல் எவ்வளவு ஏறுவான்? அதனால் மையத்தின் ஒருங்கிணைப்பாளர் சுருக்கமான வழி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். ஆரம்பச் சோதனையில் எல்லோரையும் தப்பாக எழுதச் சொன்னார். சும்மா காலியாக விட்டால் கணினி சந்தேகப்படும், நம்புகிற மாதிரி தப்பு வேண்டும் என்று அதற்கும் ஒரு வகுப்பு எடுத்தாராம்.

"தப்பா எழுதறதுக்குச் சரியானது தெரியணும்ல?" என்றாள் நாத்தனார். "என் பக்கத்துல தையல்காரம்மா பாவம், தப்புன்னு நெனச்சு ரெண்டு மூணு சரியா எழுதிட்டாங்க. அவங்களுக்குத் திட்டு."

இவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த ஒருங்கிணைப்பாளருக்கு இவர் வைத்த பெயர் 'வெண்ணெய்'. எதைக் கேட்டாலும் உருகுவார், கையில் மட்டும் ஒட்டமாட்டார்.

சிரிப்பு அடங்கியது பரீட்சைக்குப் பதியப் போன நாளில். டீச்சர், "அண்ணே, நீங்க தயார். இந்த வருஷமே எழுதிடுங்க" என்று சொல்லியிருந்தாள். விடுப்பு போட்டுவிட்டு, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, பள்ளி இறுதித் தேர்வு அலுவலகத்துக்குப் போனார். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் கணினியைப் பார்த்துவிட்டு, "உங்க நிலை அஞ்சாம் வகுப்புக்குக் கீழ இருக்குன்னு வருது. இறுதித் தேர்வுக்குப் பதிய முடியாது" என்றாளாம். பள்ளிக்கூடம் போகாமல் பரீட்சை எழுதுகிறவர்களுக்கு அந்த வருஷத்து ஆரம்பச் சோதனையில் வாங்கும் நிலைதான் தகுதி. இவருடைய தகுதி நாற்பத்தெட்டு.

"அஞ்சாவதுக்குக் கீழேன்னு சொல்றப்ப பின்னால வரிசையில நின்னவங்க எல்லாம் என்னைப் பாத்தாங்கம்மா" என்றார் வீட்டுக்கு வந்து. சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

அடுத்த நாள் வெண்ணெயிடம் போய்க் கேட்டார். "அய்யய்யோ, அப்படியா ஆயிடுச்சு? அடுத்த வருஷம் பாத்துக்கலாம் அண்ணே" என்று தோளைத் தட்டியிருக்கிறார் அந்த மனிதர். அது அவருக்குத் தெரியாமல் நடந்ததல்ல. பரீட்சை எழுதிப் பாஸாகிப் போனவர் அடுத்த வருஷம் ஏறமாட்டார். ஏற ஆள் வேண்டும்.

அடுத்த வருஷ ஆரம்பச் சோதனைக்கு முதல் நாள் டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்தாள். நாற்காலி நுனியில் உட்கார்ந்து அழுதாள். இந்த வருஷம் ஏற்றம் காட்டாவிட்டால் இந்த வகுப்பையே மூடிவிடுவார்கள், தனக்கு வேலை போய்விடும் என்றாள். நடுவில் இன்னொரு சோதனை வைத்து இவருடைய நிலையைச் சரிசெய்து தருவதாக ஒருங்கிணைப்பாளர் வாக்குக் கொடுத்திருக்கிறாராம்.

"தப்பா எழுதாதீங்க" என்றேன், அவள் எதிரிலேயே. "தெரிஞ்சதை எழுதுங்க. யார் வேலை போனா உங்களுக்கென்ன?"

"அந்தப் பொண்ணு மூஞ்சியைப் பாரு" என்றார்.

"உங்க மூஞ்சியைக் கண்ணாடியில பாருங்க!"

அவர் தப்பாகத்தான் எழுதினார். நடுவில் எந்தச் சோதனையும் வரவில்லை. அவகாசம் முடிந்தது. ஆஸ்பத்திரியில் கொதிகலன் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு, ரப்பர் கையுறை கொடுத்தார்கள்.

கழிவுப் பிரிவு கட்டடத்தின் பின்பக்கம், பிணவறைக்கு அடுத்த வாசல். பைகள் சில நேரம் கிழிந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் வெளிக் குழாயிலேயே கைகழுவுவார். சோப்பு, மறுபடி சோப்பு. பிறகு சாப்பிட உட்கார்ந்தால் இடது கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொள்வார், யாருக்கும் வாசனை வரக் கூடாது என்பதுபோல. ஒரு நாற்றமும் வரவில்லை. வரவில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டார். அந்த நிலையிலும் மாலை வகுப்பை விடவில்லை. "அங்க போனாத்தான்மா நான் பாய்லர். இங்க குப்பை வண்டி" என்பார்.

ஒரு காலை, வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் படியில் உட்கார்ந்தாராம். மார்பைப் பிடித்துக்கொண்டாராம். ஆஸ்பத்திரிக்குள்ளேயே இருந்தும் உள்ளே கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது. ரத்தக்குழாய் அடைப்பு. அவர் சாவுக்கு யாரையும் நான் காரணம் சொல்லவில்லை. அவருடைய அப்பாவும் அப்படித்தான் போனார். நான் எழுத வந்தது அதற்குப் பிறகு நடந்ததை.

வீட்டில் அழுகை ஓய்ந்து கொஞ்ச நாளில் வெண்ணெய் வந்தார். கூடவே டீச்சரும், கேமரா மாட்டிய ஒரு ஆளும். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுததாம். அந்த மாதிரி, ஈரமில்லாத கண்ணைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார். நாத்தனார் தட்டில் பிஸ்கட் வைத்தாள். பேசிக்கொண்டே ஒவ்வொன்றாக எடுத்து, காப்பியில் நனைத்து, நுனி உதிர்வதற்குள் வாயில் போட்டுக்கொண்டார். அந்த லாவகத்தை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"எங்க மையத்தோட ரத்தினம் அவரு, அம்மா" என்றார். "இந்த வருஷம் அரசாங்கம் மானியத்தைக் குறைக்கப் போறாங்களாம். குழு விசாரணை வச்சிருக்காங்க. நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசினா போதும். உங்களுக்குச் சிரமமே இல்ல, நானே தட்டச்சு பண்ணிக் கொண்டாந்திருக்கேன்."

தாளை வாங்கிப் படித்தேன். 'என் கணவர் கையெழுத்துக்கூடப் போடத் தெரியாத நிலையில் இந்த மையத்துக்கு வந்தார்' என்று ஆரம்பித்தது.

"அவர் தினமும் பேப்பர் படிப்பார்" என்றேன்.

"தெரியும்மா. ஆனா கீழ இருந்து ஆரம்பிச்சாத்தான் மனசைத் தொடும்."

கேமரா ஆள் இதற்குள் சுவரில் மாட்டியிருந்த அவர் படத்தைக் கழற்றி, வெளிச்சம் படும்படி சோபாவில் சாய்த்துவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாத்தனார் பாய்ந்து போய் அதைப் பிடுங்கினாள். "இருக்கிறப்ப பின்னாடி பெஞ்சுல உக்கார வச்சீங்க. இப்ப சோபாவா?" டீச்சர் தரையைப் பார்த்தாள்.

அவர்கள் போனதும் தாளைக் கிழிக்கப் போனேன். நாத்தனார் என் கையைப் பிடித்தாள்.

"அண்ணி, போங்க."

"நீயா சொல்ற?"

"வகுப்பை மூடிட்டா எனக்கு ஏது நிலை, ஏது பரீட்சை? அந்தச் சோதனை வேற எங்கயும் வைக்க மாட்டாங்க. இந்த வருஷம் நான் சரியா எழுதப் போறேன், யார் அழுதாலும். அதுக்கு வகுப்பு இருக்கணும்." பிறகு குரல் இறங்கிச் சொன்னாள், "அண்ணனுக்குத்தான் கிடைக்கலை. எனக்காவது கிடைக்கட்டும் அண்ணி. எனக்கு உணவகத்துல இன்னும் தினக்கூலிதான்."

போனேன். வெண்ணெய் எழுதிக் கொடுத்த தாளை எடுத்துப் போகவில்லை.

குழு கூடிய அறையில் தரையெல்லாம் கம்பளம், நடந்தால் சத்தம் வரவில்லை. மேஜையில் ஒவ்வொருவர் முன்னாலும் தண்ணீர்ப் புட்டி, ஒரு கிண்ணம் முந்திரி. குளிரில் என் விரல் விறைத்தது. எனக்கு முன்னால் பேசிய வெண்ணெய் ஏறிக்கொண்டே போகும் ஒரு கோட்டைத் திரையில் காட்டினார். அந்தக் கோட்டில் என் கணவருடைய நாற்பத்தெட்டும் இருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்று, நடந்ததைச் சொன்னேன். என் கணவருக்குக் கணக்குத் தெரியும், தெரியாத மாதிரி எழுதச் சொன்னார்கள், அப்படி எழுதியதால் பரீட்சைக்கு விடவில்லை. மானியத்தைக் குறைக்காதீர்கள், இந்த வகுப்பு வேண்டும். ஆனால் ஏற்றத்துக்குப் பணம் கொடுத்தால் பள்ளம்தான் வெட்டுவார்கள். பரீட்சைக் கூடத்துக்கு எத்தனை பேரை அனுப்பினார்கள் என்று பார்த்துக் கொடுங்கள். இவ்வளவுதான் சொன்னேன்.

யாரோ முந்திரி மெல்லும் சத்தம் மட்டும் கேட்டது. தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"அப்படின்னா உங்க கணவர் அரசாங்கச் சோதனையில வேணும்னே தப்பா எழுதினாருங்கறீங்க?"

"எழுதச் சொன்னாங்க."

"எழுதினது அவர்தானே?"

நான் வெண்ணெயைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் அதற்குள் ஒரு துக்கம் வந்து உட்கார்ந்திருந்தது. "எங்களுக்கே இது அதிர்ச்சியா இருக்குங்க ஐயா" என்றார். "சில கற்போர் இந்த மாதிரி நடந்துக்கறது வருத்தமாத்தான் இருக்கு. இறந்தவரைப் பத்திக் குறை சொல்ல விரும்பலை."

டீச்சரைப் பார்த்தேன். அவள் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. அந்தக் கம்பளத்தை அவள் வாயிலும் விரித்திருந்தார்கள்.

தீர்மானம் எழுதினார்கள். மானியம் குறையவில்லை, கூடியது. கூடவே ஒரு புது விதியும் வந்தது. சோதனை எழுதும் ஒவ்வொருவரும், வேண்டுமென்றே தப்பாக எழுத மாட்டேன் என்று முதலில் உறுதிமொழி சொல்ல வேண்டும். மீறினால் பரீட்சை எழுத நிரந்தரத் தடை. தலைவர் வெளியே போகும்போது என் அருகே நின்று, "ரொம்ப உருக்கமாப் பேசினீங்கம்மா" என்றார். விரலில் ஒட்டியிருந்த உப்பை உதறிக்கொண்டே சொன்னார். வீட்டுக்கு வந்து நான் வெளிக் குழாயில் முகம் கழுவினேன். எவ்வளவு தண்ணீர் ஊற்றியும் அந்தக் கறை போகவில்லை. செத்துப்போன மனுஷனைப் பொய்யன் என்று எழுதி முத்திரை குத்த நானே அவர்களுக்கு மை எடுத்துக் கொடுத்த மாதிரி இருந்தது.

ஆரம்பச் சோதனை நாள் வந்தது. நாத்தனாரோடு நானும் போய் வராந்தாவில் நின்றேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது. எல்லோரையும் எழுந்து நிற்கவைத்து உறுதிமொழி வாங்கினார் வெண்ணெய். உட்கார்ந்ததும் குரலைத் தாழ்த்தி, "யாரும் பயப்படாதீங்க. எல்லாம் பழைய மாதிரிதான். நான் பாத்துக்கறேன்" என்றார்.

நாத்தனார் கையைத் தூக்கினாள். "சார், ஒரு சந்தேகம். சத்தியம் பண்ணிட்டுத் தப்பா எழுதணுமா, தப்பா எழுதிட்டு இன்னொரு தடவை சத்தியம் பண்ணணுமா? வரிசையைச் சொல்லிடுங்க, மாத்திப் பண்ணிடப் போறேன்."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தையல்காரம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெண்ணெயும் சிரித்தார். அவருக்கு எதுவும் ஒட்டாது.

நாத்தனார் தனக்குத் தெரிந்த அத்தனையையும் எழுதினாள். தப்பாக எழுதிய மற்றவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசில்லை. டீச்சர் முன்னாலேயே நின்றுகொண்டிருந்தாள், எல்லோருக்கும் அவள்மேல் பாசம்.

முடிவு வந்ததும் வெண்ணெய் நாத்தனாரைக் கூப்பிட்டார். "நீங்க இந்தத் திட்டத்துக்கு அதிகம்மா. உங்களை வச்சு எங்களுக்கு முன்னேற்றம் காட்ட முடியாது. இடத்தை வேற ஆளுக்குக் குடுக்கணும்" என்றார். அன்றோடு அவளை வகுப்பிலிருந்து நீக்கினார்கள். ஆனால் நிலை ஏறிவிட்டது. அதை இனி யாரும் அழிக்க முடியாது. தேர்வு அலுவலக ஜன்னலில் அதே பெண் இருந்தாள். கணினியைப் பார்த்தாள், "பதிஞ்சாச்சு" என்றாள். நாத்தனார் அங்கேயே நின்றாள். "நகருங்கம்மா" என்று பின்னாலிருந்து ஒருவர் சொல்லும்வரை நின்றாள்.

இனி அவளுக்கு வகுப்பும் இல்லை, டீச்சரும் இல்லை. உணவகத்திலிருந்து வந்ததும் புத்தகத்தை விரிப்பாள். நான் மருந்துக்கடையிலிருந்து வந்து எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக்கொடுப்பேன். தெரியாத இடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து முழிப்போம். பரீட்சைகளை எழுதினாள். மற்ற எல்லாவற்றிலும் பாஸ். கணக்கில் மட்டும் ஃபெயில்.

முடிவு தெரிந்த அன்றைக்கு அவள் பேசவே இல்லை. எங்கள் வீட்டில் அது நடந்ததே கிடையாது. பாத்திரம் எல்லாவற்றையும் எடுத்துப் போட்டு, கழுவியதையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் அவள் தொலைபேசி அடித்தது. ஈரக் கையோடு ஒலிபெருக்கியில் போட்டாள். வெண்ணெயின் குரல், அதே உருக்கம்.

"அம்மா, கேள்விப்பட்டேன். கணக்கு போயிடுச்சாமே? கவலையே படாதீங்க. நல்ல சேதி சொல்லத்தான் கூப்பிட்டேன். பரீட்சையில தவறினவங்களுக்குன்னு அரசாங்கம் புதுசா மானியம் அறிவிச்சிருக்கு. உங்களை மாதிரி ஒரு பாடத்துல போனவங்கதான் வேணும். நாளைக்கே வந்து சேந்துடுங்க. உங்க அண்ணன் நினைவா முதல் பெயரா உங்க பெயரையே போட்டுடலாம்."

நான் அடுப்பை அணைத்தேன். அந்த மனிதர் பொய்கூடச் சொல்லவில்லை. அறிவிப்பு உண்மை, மானியம் உண்மை, அவர் சந்தோஷமும் உண்மை. இவள் விழுந்ததில் அவருக்கு நிஜமாகவே சந்தோஷம்.

நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சார், எனக்குத் தெரியாததை நான் தப்பா எழுதினேன். யாரும் சொல்லிக் குடுத்து எழுதலை. அது என் சொந்தத் தப்பு சார். அதுக்கு யாரும் மானியம் வாங்க வேண்டாம்."

"அம்மா, உணர்ச்சிவசப்படாதீங்க..."

"போனை வைக்கிறேன். பாத்திரம் கிடக்கு."

வைத்துவிட்டாள். மறுதேர்வுக்கு அவளே போய்ப் பதிந்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சாப்பாடு முடிந்ததும் மேஜையைத் துடைத்துக் கணக்குப் புத்தகத்தைப் போட்டாள். வட்டிக் கணக்கு ஒன்றை மூன்று தரம் போட்டு மூன்று தரமும் அடித்தாள்.

"அண்ணி, இங்க வாங்க" என்றாள். "இது எனக்கு நிஜமாவே வரலை."

நான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன்.